செஸ் ஆட்டத்துக்குத் தமிழில் குறிப்பு: எஞ்சினும் மொழி மாதிரியும் வைத்து எழுதும் முறை

ஆட்டத்தை லேப்டாப்பில் ஏற்றினால் எஞ்சின், அதாவது நகர்வுகளைக் கணக்கிடும் செஸ் நிரல், "மைனஸ் 2.3" என்று காட்டும். பயிற்சியாளருக்கு அது போதும். பத்து வயதுப் பிள்ளைக்கும், செஸ் தெரியாமலேயே மாட்டுத்தாவணியில் பஸ் பிடித்துப் பிள்ளையைப் போட்டிக்குக் கூட்டிப்போகிற அப்பா அம்மாவுக்கும் அது வெறும் எண். எங்கே தப்பு, ஏன் தப்பு, அந்த இடத்தில் என்ன ஆடியிருக்கலாம் என்று இரண்டு வரி தமிழில் இருந்தால்தான் தோற்ற ஆட்டம் பாடமாகும். இருபது பிள்ளைகள் படிக்கிற வகுப்பில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கையால் எழுதித் தர எந்தப் பயிற்சியாளருக்கும் நேரம் இருக்காது. எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நிரலான நியூரல் நெட்வொர்க் அங்கேதான் உதவும், சரியான முறையில் வேலை வாங்கினால்.

இதில் இரண்டு வேறு நெட்வொர்க்குகள் வேலை செய்கின்றன என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று எஞ்சினுக்குள் இருப்பது. 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 முதல் அந்த எஞ்சின் ஒரு சிறிய நெட்வொர்க்கை வைத்துத்தான் நிலையை எடைபோடுகிறது. சாதாரண பிராசஸரிலேயே ஓடும், கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். அதற்குக் கணக்கு தெரியும், பேச்சு வராது. இன்னொன்று மொழி மாதிரி, அதாவது சாட்ஜிபிடி போலக் கேட்டதற்கு உரை எழுதித் தரும் நிரல். அதற்குப் பேச்சு வரும், பலகை தெரியாது. நகர்வுப் பட்டியலை அப்படியே கொடுத்து "குறிப்பெழுது" என்றால், செஸ் புத்தகங்களில் வழக்கமாக வரும் வாக்கியங்களை அழகாகக் கோத்துத் தரும். அதில் பாதி பலகையில் இருக்காது. ஆகவே கணக்கு முழுவதையும் எஞ்சினிடம் வாங்குங்கள். உண்மைகளைப் பட்டியலாக்கி மொழி மாதிரியிடம் கொடுங்கள். வாக்கியம் அமைக்கும் வேலையை மட்டும் அதற்கு விடுங்கள். வந்ததைத் திரும்பவும் பலகையில் வைத்துப் பாருங்கள். கீழே வரும் எல்லாமே இந்த வேலைப் பிரிவினையின் விவரம்தான்.

தேவையானவை: 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய லேப்டாப், இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ், இலவசமான பைத்தானும் அதன் செஸ் நூலகமும் ("பிப் இன்ஸ்டால் செஸ்" என்று கட்டளைச் சாளரத்தில் ஆங்கிலத்தில் அடித்தால் வந்துவிடும்), தமிழ் நன்றாக எழுதக்கூடிய ஒரு மொழி மாதிரி. நிரல் எழுதத் தெரியாதவர்கள் முதல் சில ஆட்டங்களை லிச்செஸ் என்ற இலவச செஸ் தளத்திலேயே செய்து பார்க்கலாம். ஆட்டத்தை ஏற்றி, கணினி ஆய்வு கேட்டு, மதிப்பெண்களோடு பிஜிஎன் கோப்பாக (செஸ் நகர்வுகளைப் பதிந்துவைக்கும் உரைக் கோப்பு) இறக்கி, முக்கியமான நாலு இடங்களை மட்டும் கையால் எடுத்து மொழி மாதிரியிடம் கொடுங்கள். முறை அதேதான். நிரல் அதை வேகமாக்கும், அவ்வளவே.

ஸ்கோர்ஷீட்டிலிருந்து பிஜிஎன்

தவறுகளில் பெரும்பகுதி இங்கேயே நுழைந்துவிடும். போட்டியில் பிள்ளைகள் தங்கள் நகர்வுகளை எழுதும் ஸ்கோர்ஷீட்டின் நகல் உங்களிடம் இருக்கும். ஒவ்வொரு நகர்விலும் 30 விநாடியோ அதற்கு மேலோ கூடாத நேரக் கட்டுப்பாடு என்றால், கடைசி ஐந்து நிமிடத்தில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் பல தாள்கள் பாதியில் நின்றிருக்கும். ராபிட் என்ற விரைவு ஆட்டப் போட்டியில் எழுதும் கட்டாயமே கிடையாது. அன்று ராத்திரியே பிள்ளையை உட்காரவைத்து நினைவிலிருந்து ஆடிக்காட்டச் சொல்லிப் பதிந்துவிடுங்கள். இரண்டு நாள் போனால் நடு ஆட்டம் மறந்துவிடும்.

கையெழுத்தில் கவனிக்க வேண்டிய குழப்பங்கள் மூன்று. பிஷப்பைக் குறிக்கும் பெரிய எழுத்தும் இரண்டாவது செங்குத்து வரிசையைக் குறிக்கும் சின்ன எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். "பி வெட்டி சி3" என்பது பிஷப்பா சிப்பாயா என்று தாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பலகையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அடுத்தது, ஒரே கட்டத்துக்கு இரண்டு குதிரையும் வர முடியும்போது எது வந்தது என்று பிள்ளைகள் எழுதாமல் விடுவது. இதில் தப்பாகத் தேர்ந்தால் நிரல் உடனே தடுக்காது; பத்து நகர்வு தள்ளித்தான் "இந்த நகர்வு செல்லாது" என்று நிற்கும், நீங்கள் அந்தப் பத்தாவது நகர்வில் தப்பைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். மூன்றாவது காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் சேர்ந்து நகர்வது): தாளில் சுழியம் போட்டு எழுதுவார்கள், பிஜிஎன் கோப்பில் அது ஆங்கில ஓ எழுத்தாக இருக்க வேண்டும்.

கட்டங்களின் பெயரை ஆங்கில எழுத்திலேயே விட்டுவிடுங்கள். பலகையின் ஓரத்தில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது, பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இந்தக் கட்டுரையில் இ4, எஃப்3 என்று தமிழெழுத்தில் தருவது படிக்க வசதிக்காக மட்டும்.

எஞ்சினை ஓட்டுவது

மூன்று அமைப்புகள் போதும். த்ரெட்ஸ் (ஒரே நேரத்தில் எத்தனை கோர் வேலை செய்யும் என்பது): பிராசஸரின் கோர் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வையுங்கள். சித்திரை வைகாசி வெயிலில் மதுரையில் மின்விசிறி அறையில் எல்லாக் கோரையும் ஓடவிட்டால் லேப்டாப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரே ஆட்டத்தில் முதல் பாதி ஆழமாகவும் பின்பாதி மேலோட்டமாகவும் ஆய்வாகும். ஹாஷ் (எஞ்சின் கண்டுபிடித்ததை வைத்துக்கொள்ளும் நினைவகம்): 4 ஜிபி கணினியில் 256 எம்பி, 8 ஜிபி என்றால் 1024 எம்பி. மல்டிபிவி: 3. ஒரு நிலைக்கு மூன்று சிறந்த நகர்வுகளைக் கேட்டு வாங்கினால்தான் "இது ஒன்றுதான் வழி" என்ற இடத்தையும் "எதை ஆடினாலும் சரி" என்ற இடத்தையும் பிரிக்க முடியும்.

40 நகர்வு என்றால் இரு பக்கமும் சேர்த்து 80 நிலை. நிலைக்கு 2 விநாடி கொடுத்தால் மூன்று நிமிடத்துக்குள் முடியும். முதல் சுற்றுக்கு அது போதும். பிறகு நீங்கள் குறிப்பெழுதப் போகும் ஏழெட்டு நிலைகளை மட்டும் 30 விநாடி வீதம் திரும்ப ஓட்டுங்கள். இந்த இரண்டாம் சுற்றை விட்டுவிடாதீர்கள். 2 விநாடியில் "பெரிய தப்பு" என்று தெரிந்தது 30 விநாடியில் "அதுவும் ஆடக்கூடியதே" என்று மாறுவது உண்டு.

இன்னொரு பழக்கம்: ஆட்டத்தைக் கடைசி நகர்விலிருந்து முதல் நகர்வை நோக்கி ஆய்வு செய்யுங்கள். பின்னால் வந்த நிலைகளில் கண்டுபிடித்தது ஹாஷ் நினைவில் இருப்பதால், முந்தைய நிலைக்கு வரும்போது எஞ்சினுக்கு எதிரே வரப்போவது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

இப்போது புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்கிற பிழை. எஞ்சின் தரும் எண், யார் நகர்த்த வேண்டுமோ அவர் பக்கத்திலிருந்து வரும். கறுப்பு ஆட வேண்டிய நிலையில் "பிளஸ் 2" என்றால் கறுப்புக்கு நல்லது. இதை வெள்ளைப் பக்கத்துக்கு மாற்றாமல் வரிசையாக ஒப்பிட்டால், ஒவ்வொரு நகர்வும் மாபெரும் தப்பு போலவும் அடுத்த நகர்வு அதைவிடப் பெரிய தப்பு போலவும் தெரியும். பைத்தான் நூலகத்தில் மதிப்பெண்ணை வாங்கியதுமே "ஒயிட்" என்ற பார்வைக்கு மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு தொடுங்கள். சரியா என்று பார்க்க எளிய சோதனை: வெள்ளை தெளிவாக முன்னிலையில் இருந்து ஜெயித்த ஆட்டத்தின் கடைசிப் பத்து எண்களும் பிளஸில் இருக்க வேண்டும்.

எந்த இடத்தில் குறிப்பெழுதுவது

எஞ்சினின் எண்ணில் 1 என்பது ஏறக்குறைய ஒரு சிப்பாயின் மதிப்பு. அந்தச் சிப்பாய்க் கணக்கில் வித்தியாசம் பார்த்து இடம் தேர்ந்தால் ஏமாறுவீர்கள். பிளஸ் 9-லிருந்து பிளஸ் 7-க்கு வந்ததும், பிளஸ் 1-லிருந்து மைனஸ் 1-க்கு வந்ததும் கணக்கில் ஒன்றுதான்: இரண்டு சிப்பாய். ஆட்டத்தில் முதலாவது ஒன்றுமே இல்லை, இரண்டாவது தலைகீழ் மாற்றம். அதனால் எண்ணை வெற்றி வாய்ப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். லிச்செஸ் தளம் வைத்திருக்கும் வாய்ப்பாட்டில் 0 என்றால் 50 சதவீதம், பிளஸ் 1 என்றால் 59, பிளஸ் 2 என்றால் 68, பிளஸ் 3 என்றால் 75, பிளஸ் 5 என்றால் 86. பிளஸ் 7 என்பது 93, பிளஸ் 9 என்பது 96.5. மேலே சொன்ன முதல் சரிவு மூன்றரைப் புள்ளி. இரண்டாவது 18 புள்ளி. வித்தியாசம் இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

ஸ்டாக்ஃபிஷின் புதிய பதிப்புகளில் பிளஸ் 1 என்பதன் பொருள் வேறு: சம பலமுள்ள எஞ்சின்கள் ஆடினால் ஜெயிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் என்று அர்த்தம். அது எஞ்சினுக்கு எஞ்சின் கணக்கு. பிள்ளைகளின் ஆட்டத்துக்கு முன்னதையே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

நடைமுறையில் 5 புள்ளிக்குக் குறைவான சரிவைத் தொடவே வேண்டாம். 10 புள்ளி தாண்டினால் குறிப்பு. 15 தாண்டினால் குறிப்போடு மாற்று வரிசையும். ஓர் ஆட்டத்துக்கு எட்டுக் குறிப்புக்கு மேல் போகாதீர்கள். போனால் பிள்ளை எதையும் படிக்காது. பத்துக்கு மேல் தப்பு இருந்தால் பெரிய சரிவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல நகர்வுக்கும் ஒரு குறிப்பாவது இருக்கட்டும்: மூன்று வழிகளில் ஒன்றே ஒன்றுதான் தாங்கும், மற்ற இரண்டும் 15 புள்ளி இறங்கும் என்ற இடத்தில் பிள்ளை அந்த ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால், அதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பிள்ளை எதில் கெட்டி என்பது அங்கேதான் தெரியும்.

இந்த இடத்தில் மாயா உதவும். டொராண்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்ட் ஆய்வகமும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட நெட்வொர்க் தொகுதி அது. சிறந்த நகர்வைச் சொல்லாது. ஒரு குறிப்பிட்ட ரேட்டிங்கில் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) உள்ள மனிதர் எதை ஆடுவார் என்று சொல்லும். 1100 முதல் 1900 வரை ஒன்பது மாதிரிகள் உண்டு. லீலா என்ற இன்னொரு செஸ் எஞ்சினில் ஏற்றி, தேடலை ஒரே ஒரு நோடாக (அந்த ஒரு நிலையை மட்டும், முன்னோக்கித் தேடாமல்) வைத்து ஓட்ட வேண்டும். தேடவிட்டால் மனிதத்தனம் போய்விடும். 1100 மாதிரி அதே தப்பை ஆடினால், "இந்த மட்டத்தில் பலரும் விழும் குழி இது" என்று குறிப்பில் சேர்க்கலாம். பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். அந்த ரேட்டிங் எண்கள் லிச்செஸ் கணக்கு, உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கு இல்லை.

உண்மைப் பட்டியல்

தேர்ந்தெடுத்த ஒவ்வொரு நிலைக்கும் நிரல் சில தகவல்களை எடுத்துத் தர வேண்டும்: யார் ஆடியது, எந்தக் காய் எங்கிருந்து எங்கே போனது, எதை வெட்டியது, எஞ்சினின் முதல் தேர்வு, ஆடிய நகர்வுக்கு எதிராளியின் சிறந்த பதில், அந்தப் பதிலுக்குப் பிறகு காவல் இல்லாமல் தாக்கப்படும் காய்கள், பின் ஆகியிருக்கும் காய்கள் (நகர்ந்தால் பின்னால் உள்ள ராஜா தாக்கப்படும் என்பதால் கட்டுண்டவை), செக் உண்டா, இரு பக்கக் காய்க் கணக்கு. இவை எல்லாவற்றையும் பைத்தான் செஸ் நூலகம் தரும். ஒரு கட்டத்தை யார் தாக்குகிறார்கள் என்றும், ஒரு காய் பின் ஆகியிருக்கிறதா என்றும் கேட்பதற்கு அதில் தனித்தனிச் செயல்கள் உண்டு.

காரணம் கண்டுபிடிக்க இரண்டு உத்திகள். முதலாவது, எஞ்சின் தந்த வரிசையை வெட்டும் செக்கும் ஓய்கிற வரை ஆடிக்காட்டி, அங்கே காய்களை எண்ணுவது. குதிரை குறைந்திருந்தால் காரணம் குதிரை போனதுதான், வேறு தத்துவம் வேண்டாம். இரண்டாவது, எதிராளியின் மிரட்டலைக் கண்டுபிடிக்க "நகர்த்தாமல் விடு" என்ற வெற்று நகர்வைக் கொடுத்து எஞ்சினை ஓட்டுவது. நாம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் அவர் என்ன செய்வார்? அதுவே மிரட்டல். ராஜா செக்கில் இருக்கும்போது மட்டும் இது ஆகாது.

காய்க் கணக்கும் மாறவில்லை, மிரட்டலும் இல்லை, ஆனால் 12 புள்ளி சரிந்திருக்கிறது என்றால் அது நிலை சார்ந்த காரணம்: பலவீனமான கட்டம், கெட்ட பிஷப், திறந்த வரிசை. மொழி மாதிரி அதிகமாகக் கதைவிடுவது இங்கேதான். தொடக்கத்தில் இந்த வகை இடங்களை நீங்களே எழுதுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

ஒரு நிலை, நெருக்கத்தில்

மதுரையில் மட்டுமல்ல, எந்த ஊர் வகுப்பிலும் பிள்ளைகள் விழும் பொறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1. இ4 இ5. 2. குதிரை எஃப்3, குதிரை சி6. 3. பிஷப் சி4, குதிரை டி4. கறுப்பின் மூன்றாவது நகர்வு நல்லதல்ல, ஆனால் வலை விரிக்கிறது. வெள்ளை 4. குதிரையால் இ5 சிப்பாயை வெட்டுகிறது.

நகர்வுப் பட்டியலை மட்டும் கொடுத்துக் கேட்டால் இந்த மாதிரி ஒன்று வரும்: "வெள்ளைக் குதிரை மையத்தில் வலுவாக அமர்ந்து, பிஷப்போடு சேர்ந்து எஃப்7-ஐத் தாக்குகிறது. சிறப்பான நகர்வு." ஒவ்வொரு சொல்லும் நம்பும்படி இருக்கிறது. எஃப்7-ஐத் தாக்குவதுகூட உண்மைதான். ஆனால் நகர்வு தப்பு.

இப்போது உண்மைப் பட்டியலோடு கேளுங்கள். மாதிரிக்குத் தரும் கட்டளை இப்படி இருக்கட்டும்: "கீழே உள்ள தகவலை மட்டும் வைத்து, பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி அதிகபட்சம் நான்கு வாக்கியம் எழுது. தகவலில் இல்லாத நகர்வையோ கட்டத்தையோ சொல்லாதே. பாராட்டு அடைமொழி வேண்டாம். தகவலில் காரணம் இல்லையென்றால் 'காரணம் இல்லை' என்று மட்டும் எழுது. நகர்வு 4, வெள்ளை: எஃப்3 குதிரை இ5 சிப்பாயை வெட்டியது. எஞ்சினின் தேர்வு: எஃப்3 குதிரை டி4 குதிரையை வெட்டுவது. எதிராளியின் பதில்: ராணி ஜி5. அதன்பின் காவலின்றித் தாக்கப்படுபவை: இ5 குதிரை, ஜி2 சிப்பாய்."

வருவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "இ5 சிப்பாய் சும்மா கிடைக்கிற மாதிரி தெரிகிறது. ஆனால் கறுப்பு ராணி ஜி5-க்கு வந்ததும் இ5 குதிரையையும் ஜி2 சிப்பாயையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. வெள்ளையால் இரண்டையும் காப்பாற்ற முடியாது. டி4-இல் இருக்கும் குதிரையை வெட்டியிருக்க வேண்டும்."

நல்ல தமிழ், நல்ல குறிப்பு. ஆனாலும் நிறுத்துங்கள். "காப்பாற்ற முடியாது" என்று பட்டியலில் யாரும் சொல்லவில்லை. மாதிரி தானாகச் சேர்த்தது. பலகையில் வைத்துப் பாருங்கள்: குதிரை ஜி4-க்குப் பின்வாங்கினால் ஜி வரிசையை அடைத்து ஜி2-ஐயும் மறைத்துவிடும், வெள்ளை ராணியின் காவலும் குதிரைக்குக் கிடைக்கும். அந்தக் கணத்துக்கு இரண்டும் தப்பின. பிறகுதான் கறுப்பு டி சிப்பாயை டி5-க்குத் தள்ளும். அந்தச் சிப்பாய் சி4 பிஷப்பைத் தாக்கும்; அது விலகியதால் சி8 பிஷப்புக்கு வழி திறந்து ஜி4 குதிரையும் தாக்கப்படும். ஏதோ ஒரு காய் போகும். முடிவு அதேதான், ஆனால் "முடியாது" என்ற சொல்லைப் படித்த கெட்டிக்காரப் பிள்ளை ஜி4-ஐக் கண்டுபிடித்துக் கேட்டால் குறிப்பின் மேலிருந்த நம்பிக்கை போய்விடும். முடியாது, கட்டாயம், ஒரே வழி, எப்போதும்: இந்தச் சொற்கள் எங்கே வந்தாலும் எஞ்சினிடம் கேட்காமல் விடாதீர்கள்.

அதே ஆட்டத்தில் அடுத்த குழி 5. குதிரை எஃப்7-ஐ வெட்டுவது. ராணிக்கும் எச்8 யானைக்கும் ஃபோர்க் (ஒரே காய் இரண்டை ஒன்றாகத் தாக்குவது) என்பதால் பிள்ளைகள் ஆசையாக ஆடுவார்கள். ராணி ஜி2-ஐ வெட்டும். யானை எஃப்1-க்கு நகரும். ராணி இ4-ஐ வெட்டிச் செக் வைக்கும். பிஷப் இ2-இல் குறுக்கே வரும். குதிரை எஃப்3-இல் மேட். இங்கே குறிப்பில் வர வேண்டிய ஒரே உண்மை, இ2 பிஷப் பின் ஆகியிருப்பதால் குதிரையை வெட்ட முடியாது என்பது. இந்த "முடியாது" நியாயமானது, விதியே அப்படி. பின் தகவலைப் பட்டியலில் சேர்க்க மறந்தால், மாதிரி "ராஜாவுக்கு ஓட இடமில்லை" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடும். பிள்ளையோ, பிஷப்பால் வெட்டலாமே என்று கேட்கும்.

சொற்பட்டியல் இல்லாமல் தொடங்க வேண்டாம்

மொழி மாதிரிகள் செஸ்ஸை ஆங்கிலத்தில் அதிகம் படித்திருக்கின்றன. தமிழில் எழுதும்போது உள்ளுக்குள் மொழிபெயர்க்கும். விளைவு: செங்குத்து வரிசை "கோப்பு" ஆகும், செக் "காசோலை" ஆகும், ஃபோர்க் "முட்கரண்டி" ஆகும், காய் "துண்டு" ஆகும், காவலில்லாத காய் "தொங்கும்". "கறுப்பு ஒரு துண்டை இழந்தது" என்று தாளில் வந்தால் வகுப்பே சிரிக்கும்.

கட்டளையோடு ஒரு சொற்பட்டியலை ஒவ்வொரு முறையும் சேர்த்து அனுப்புங்கள். வகுப்பில் பிள்ளைகள் பேசுகிற சொற்களே போதும்: காய், கட்டம், வெட்டுவது, செக், மேட், காஸ்லிங், பின், ஃபோர்க், காவல், நேர்வரிசை, குறுக்குவரிசை, மூலைவழி. காய்களுக்கு ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய். பிஷப்பை மந்திரி என்று சொல்லும் வகுப்புகள் உண்டு. ஆனால் பழைய வழக்கில் மந்திரி என்றால் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பவர், அதாவது இன்றைய ராணி. உசிலம்பட்டிப் பக்கம் தாத்தாவிடம் ஆட்டம் கற்ற பிள்ளைக்கு "மந்திரி போய்விட்டது" என்பது ஆட்டமே போய்விட்டது என்று கேட்கலாம். பிஷப் என்றே வைத்துக்கொள்வது பத்திரம். எதைத் தேர்ந்தாலும் எல்லாத் தாளிலும் அதுவே வர வேண்டும்; மாதிரி ஒரே பத்தியில் பிஷப், மந்திரி, அமைச்சர் மூன்றையும் எழுதும். நிரலில் ஒரு தேடலைப் போட்டு விலக்கிய சொற்களைப் பிடித்துவிடுங்கள்.

மாதிரி சொற்களை எவ்வளவு தாராளமாகத் தேர்கிறது என்பதைக் கட்டுப்படுத்தும் "டெம்பரேச்சர்" அளவை 0.2 பக்கம் வையுங்கள். கூட்டினால் உவமைகள் பெருகும். ஒரு கேள்விக்கு ஒரு நகர்வு மட்டும் அனுப்புங்கள். முழு ஆட்டத்தையும் ஒரே கேள்வியில் அனுப்பினால் பதினைந்தாவது நகர்வுக்கு மேல் பழைய நிலையை நினைத்துக்கொண்டே எழுதும், எப்போதோ வெட்டுப்பட்ட யானை உயிரோடு வந்து நிற்கும். லேப்டாப்பிலேயே ஓடுகிற சிறிய மாதிரியை விரும்பினால், 7–8 பில்லியன் பாராமீட்டர் (மாதிரிக்குள் இருக்கும் எண்கள்) உள்ளதை 4 பிட்டாகச் சுருக்கியும் 5–6 ஜிபி நினைவகம் வேண்டும். 4 ஜிபி கணினியில் அது நடக்காது. அந்த அளவில் தமிழ் பெரும்பாலும் தடுமாறும். இணையத்தில் உள்ள பெரிய மாதிரியைப் பயன்படுத்துவது என்று முடிவெடுத்தால், அனுப்புவதற்கு முன் பிள்ளையின் பெயர், பள்ளி, போட்டி விவரம் எல்லாவற்றையும் பிஜிஎன் தலைப்பிலிருந்து அழித்துவிட்டு வெள்ளை, கறுப்பு என்று மட்டும் வையுங்கள்.

சரிபார்ப்பு

நிரலால் முடிந்தவை: குறிப்பில் வரும் ஒவ்வொரு கட்டப் பெயரையும் எடுத்து, அது உண்மைப் பட்டியலில் உண்டா என்று பார்ப்பது, சொல்லப்பட்ட ஒவ்வொரு நகர்வும் அந்த நிலையில் செல்லுமா என்று பார்ப்பது, வெள்ளை, கறுப்பு இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. "வெள்ளைக்கட்ட பிஷப்", "கறுப்புக்கட்ட பிஷப்" என்று வந்தால் சந்தேகப்படுங்கள், மாதிரிகள் இதை அடிக்கடி மாற்றிவிடும். சி4 வெள்ளைக் கட்டம். நிரலில் ஒரு வரியில் சோதிக்கலாம்.

குறிப்பு ஒரு நகர்வு தள்ளி ஒட்டிக்கொள்வதும் நிறைய நடக்கும். சரிவு, நகர்வுக்கு முந்தைய எண்ணுக்கும் பிந்தைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம். அதை அடுத்தவரின் நகர்வில் ஒட்டிவிட்டால், பொறியில் விழுந்தவருக்குப் பதில் பொறி வைத்தவர் திட்டு வாங்குவார்.

மனிதர் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு, அதற்கு மாற்று இல்லை. ஆடிய நகர்வையும் எஞ்சினின் தேர்வையும் மறைத்துவிட்டு, நிலையையும் குறிப்பையும் மட்டும் வகுப்பில் மூத்த பிள்ளை ஒருவரிடம் கொடுங்கள். அதைப் படித்துச் சரியான நகர்வைக் காட்ட முடிந்தால் குறிப்பு தேறியது.

மாதிரியைச் சோதிக்கப் புகழ்பெற்ற ஆட்டங்களை எடுக்காதீர்கள். 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டம் வென்ற 14-வது ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் எந்த மாதிரியும் பிரமாதமாகச் சொல்லும். ஊரே எழுதியதை அது படித்திருக்கிறது. ஆனால் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கற்க அந்த ஆட்டத்தைப் போல இன்னொன்று இல்லை. 55-வது நகர்வில் எதிரே வெள்ளையில் ஆடிய டிங் லிரென் யானையை எஃப்2-க்கு வைத்ததும் எஞ்சினின் எண் டிராவிலிருந்து தோல்விக்குக் குதித்தது. எண் அவ்வளவுதான் சொல்லும். குறிப்பு சொல்ல வேண்டியது: வெள்ளை பிஷப் ஏ8 மூலையில் அடைபட்டிருக்கிறது, யானைகள் வெட்டுப்பட்டபின் கறுப்பு பிஷப் டி5-க்கு வந்தால் அதோடு மோதாமல் தப்ப வழியில்லை, இரண்டு பிஷப்பும் போனால் மிஞ்சுவது இரண்டு சிப்பாய்க்கு எதிரே ஒன்று. மூன்றே வாக்கியம். ஆட்டம் 58-வது நகர்வில் முடிந்தது. சோதிப்பதற்கு மட்டும் உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் ஆட்டத்தையே எடுங்கள், அதை எந்த மாதிரியும் படித்திருக்காது.

கோப்பும் தாளும்

குறிப்புகளைப் பிஜிஎன் கோப்பில் நெளிவு அடைப்புக்குள் சேர்த்து, தமிழெழுத்தைத் தாங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். பிஜிஎன் பழைய தரம், தமிழை மனதில் வைத்து உருவானதல்ல. பழைய செஸ் மென்பொருள்கள் கேள்விக்குறிகளாகக் காட்டும். லிச்செஸில் ஏற்றினால் சரியாகத் தெரியும். குறிப்புக்குள்ளேயே இன்னொரு நெளிவு அடைப்பு வந்தால் கோப்பு உடையும், மாதிரி தரும் உரையிலிருந்து முன்பே நீக்கிவிடுங்கள்.

அச்சுக்குப் பைத்தானிலிருந்து நேராகப் பிடிஎஃப் உண்டாக்கினால், பல நூலகங்கள் தமிழைச் சேர்த்தெழுதத் தெரியாமல் கொம்பையும் காலையும் பிரித்துப் போடும்; "கொ" உடைந்து மூன்று துண்டாக நிற்கும். அதனால் வலைப்பக்கமாக உண்டாக்கி, பிரவுசரில் திறந்து அங்கிருந்து பிடிஎஃப் எடுங்கள். லிப்ரே ஆபீஸும் சரியாகச் செய்யும். சிம்மக்கல்லிலோ தல்லாகுளத்திலோ ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகும்போது வேர்டு கோப்பாகக் கொடுக்காதீர்கள். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் பக்கம் முழுக்கக் கட்டங்கள்தான் வரும்.

ஏ4 தாளில் ஒரு பக்கத்துக்கு நான்கு குறிப்பு, ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் பலகைப் படம், வலப்பக்கம் எழுத்து. பலகை 6 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கறுப்பு வெள்ளை நகலில் பிஷப்பும் சிப்பாயும் ஒன்றாகத் தெரியும். எழுத்து 12 புள்ளிக்குக் குறைய வேண்டாம். பிள்ளை கறுப்பில் ஆடியிருந்தால் பலகையைத் திருப்பிக் கறுப்பைக் கீழே வையுங்கள். அவர் உட்கார்ந்து பார்த்த பக்கம் அதுதான். ஒவ்வொரு குறிப்புக்குக் கீழேயும் இரண்டு வரி வெற்றிடம் விடுங்கள், அந்த நேரத்தில் தான் என்ன நினைத்து ஆடினோம் என்று பிள்ளை பென்சிலால் எழுதுவதற்கு.